பிணத்திடம் கேட்கிறார்கள்

நாலாவது நிமிடத்தில் வருவேன்.
முகம் குப்புற, வலது கால் வலையில்,
தலைமுடியில் கடற்பாசி, அதில் பாதி பிளாஸ்டிக்.
அன்றிலிருந்து ஒன்பது வாரமாக
வார்டோவில் என்னை யாரும்
தூர்டிஸ் என்று கூப்பிடுவதில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
ஏழே கால், விடிய மனமில்லாத நவம்பர்,
படியில் கால் வைக்கும்போதே பிள்ளைகள்:
உன்னைக் கொன்றது யார்?
பெல்ட்டைப் போடு என்கிறேன்.

கூட்டுறவுக் கடையில் ஹல்வார்
உருளைக்கிழங்கை நிறுத்துக்கொண்டே
போதகர்தான் என்கிறான்.
இரண்டாம் பகுதியில் அவர் கையுறை ஈரமாம்.
நண்டு ஆலையில் இரவு ஷிப்டு முழுக்க ஒரே கட்சி,
சுங்க அதிகாரியின் மனைவி.
லிதுவேனியாக்காரி டாய்வா மட்டும் எதிர்க்கட்சி:
அந்த நீலப் படகு ஐந்தாம் பகுதியில்
ஏன் பச்சையாயிற்று? யாராவது சொல்லுங்கள்.
யாரும் சொல்லவில்லை.
காபி டப்பாவில் பந்தயப் பணம்
மூடியைத் தள்ளிக்கொண்டு வளர்கிறது.

துறைமுக அலுவலகத்து எய்லிவ்
என் சாவை ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டான்.
ஆறு மணிக்கு நீரோட்டம் வடக்கே.
அப்படியென்றால் உன்னை இங்கே போட்டிருக்க முடியாது,
வேறெங்கோ கொன்று கொண்டுவந்திருக்கிறார்கள்.
ஆமாம் எய்லிவ்,
ஒரு வெள்ளை வேனில் கொண்டுவந்தார்கள்.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.

நம்பமாட்டார்கள், எனக்கு எதுவும் தெரியாது.
எனக்குத் தந்தது ஒரே ஒரு தாள்.
அதிலும் என் பெயர் இல்லை, "உடல்" என்றிருந்தது.
வெளியே பேசமாட்டேன் என்று
நாலு இடத்தில் கையெழுத்து.
எதைப் பேசமாட்டேன் என்றுதான்
கடைசிவரை சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இருக்கிறது.
அக்காவிடமும் சொல்லாதது.
மார்ச் மாதம், மூன்றாம் மணி நேரம்,
கம்பளிக்கு அடியில் ரப்பர் உடுப்பு,
அதற்கும் அடியில் நடுங்கும் நான்.
கேமரா நின்றிருந்தது. விளக்கை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
துறைமுகத் தலைவராக நடித்தவர் பக்கத்தில் குந்தி
என் காதருகே, மிக மெல்ல,
மன்னித்துவிடுங்கள் என்றார்.

குளிருக்காகச் சொன்னாரா?
நாள் கூலி குறைவென்று சொன்னாரா?
இல்லை, கடைசிப் பகுதியைப் படித்திருந்தாரா?
பிணம் எப்படித் திரும்பிக் கேட்கும்?
கண்ணைத் திறக்காமலே கிடந்தேன்.
ஒன்பது வாரமாக ஊரே தோண்டுகிறது,
தடயம் என் காதுக்குள் இருக்கிறது.

ஞாயிறு இரவு சமூகக் கூடத்தில் பெரிய திரை.
மீன் சூப், மடக்கு நாற்காலி,
எனக்கு முதல் வரிசை, மரியாதைக்கு.
எட்டு ஐம்பதுக்குத் தெரிந்துவிட்டது:
அரசு வழக்கறிஞர்.
ஆறாம் பகுதியில்தானே ஊருக்கே வந்தாள்!
பின்னால் யாரோ சூப் கிண்ணத்தை
வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்கள்.
போதகர் கட்சியும் மனைவி கட்சியும்
முதல்முறையாகக் கைகோத்துக்கொண்டன.
இது நடக்கவே முடியாது என்று
எய்லிவ் எழுந்து நின்றான்,
சட்டைப்பையில் ஓத அட்டவணையோடு.
படகு பச்சையானதற்குப் பதிலே இல்லை.
டாய்வா கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சந்தடியில்
கடைசிக் காட்சியை யாரும் பார்க்கவில்லை.
துறைமுகத் தலைவர் படித்துறையில் நிற்கிறார்.
தொப்பியைக் கழற்றுகிறார்.
தண்ணீரைப் பார்த்து உதடு அசைகிறது,
ஒலி இல்லை, இசைதான் ஓடுகிறது.
என்ன சொல்கிறார் என்று
உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.
சொல்லியிருந்தால் டப்பாவுக்கு
மூன்றாவது கட்சி வந்திருக்கும். சொல்லவில்லை.

திங்கள், ஏழே கால்.
சின்ன இங்கெபோர், பல் விழுந்த வாயோடு,
அது டிவியில். நிஜமாக யார்? என்கிறாள்.
கதவை மூடி, இரண்டாம் கியர்.
சுரங்கச் சாலை கீழே இறங்குகிறது,
மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு,
தலைக்கு மேலே முழுக் கடல்.
பிள்ளைகள் இங்கே எப்போதும்
மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், பந்தயம்.
நானும் பிடித்துக்கொள்கிறேன்.
எனக்குப் பழக்கம் உண்டு.