சாட்சி

மாசி பதினாறு.
செம்பேடு ஏரி, உள்கரை, நாலாம் குழி.
சம்பூரணத்தின் மம்மட்டி இறங்கிய இடத்தில்
மண் வேறு சத்தம் போட்டது.
கல் இல்லை. வேர் இல்லை.
ஏதோ ஓடு நொறுங்கியது.
செம்மண்ணில் மஞ்சள் ஊறிக்கொண்டு போனது.

குனிந்து பார்த்தோம்.
வெள்ளை வெள்ளையாய், உருண்டையாய்,
கோலிக்குண்டைவிடப் பெரிசு.
உடைந்தது போகப் பதினொன்று.

"பாம்பு" என்று பின்வாங்கினாள் குப்பு.
"பாம்பு முட்டை அமுக்குனா அமுங்கும். இது ஆமை"
என்றாள் ரோசலின்.
ஐப்பசி மழையில்
பால் ஊற்றப் போன வழியில்
அது கரையேறியதைப் பார்த்திருக்கிறாள்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்
உருப்படாது என்பார்கள்.
இந்த ஆமை எங்கேயும் புகவில்லை.
அதன் வீட்டுக்குள்தான்
நாற்பத்திரண்டு பேர் புகுந்திருக்கிறோம்,
மம்மட்டி, கூடை, வருகைப் பதிவோடு.

நான் மேட்.
காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம்,
தலை எண்ணி போனில் ஏற்றுவது என் வேலை.
இந்தப் பதினொன்றை
யார் பெயரில் ஏற்றுவது?

குழி வெட்டும்போது ஒரு திட்டை விட்டு வெட்டுவோம்.
பழைய தரை இந்த உயரம் இருந்ததென்று
அளக்க வருகிறவருக்குக் காட்ட.
அதற்குப் பெயர் சாட்சி.
நாலாம் குழியில் மட்டும் அன்றைக்குச் சாட்சி
கொஞ்சம் ஓரமாய், ரொம்பப் பெரிசாய் நின்றது.

ஓவர்சியர் தயாளன் டேப்பை உதறினார்.
"இன்னாம்மா இது, சாட்சியா சமாதியா?
அளந்தாச்சு. வெட்டிடச் சொல்லு."
"வெட்ட முடியாது சார்."
சொன்னேன்.
கரைமேல் பனைமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"நான் ஒண்ணும் பாக்கல.
ஆனா அளவு கொறையும்."

குறைந்தது. ஆளுக்கு நாலு ரூபாய்.

நோட்டின் கடைசிப் பக்கம்:
பங்குனி 3. கீரி பறண்டிய தடம். கருவேல முள் வெட்டிப் போட்டோம்.
பங்குனி 20. முள்ளை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மறுபடியும் போட்டோம்.
சித்திரை 9. மூலத்துக்கு ஆமைக்கறி தேடி ஒருத்தர் வந்தார்.
ரோசலின் அவரை ஒடுகத்தூர் பக்கம் அனுப்பிவிட்டாள்.
வைகாசி முழுக்க ஒன்றும் எழுதவில்லை.
வேலூர் வெயிலில் நாங்களே பாதி வெந்திருந்தோம்.
ஒருநாள் மட்டும் திட்டில் காதை வைத்துப் படுத்தேன்.
காது சுட்டது. அவ்வளவுதான்.

ஆனி கடைசியில் ராத்திரி மழை.
விடிந்து போனால்
சாட்சியின் ஓரம் கரைந்து, கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
உள்ளே பிளந்த ஓடுகள் ஏழு.
நாலு அப்படியே கிடந்தன.
ஈரச் சேற்றில், சின்னக் கரண்டியை இழுத்தாற்போல் கோடுகள்
குட்டையளவு நின்ற தண்ணீர்வரை.
ஒரு குஞ்சையும் நான் பார்க்கவில்லை.
தண்ணீரோரம் கொக்கு ஒன்று நின்றது.
அதையும் எழுதினேன்.

குப்பு வந்தாள்.
அந்த நாலு ரூபாயை இன்னும் மறக்காதவள்.
"எத்தினி?"
"ஏழு."
வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டாள்.
"நாப்பத்திரண்டு நாலு... நூத்தி அறுபத்தெட்டு.
அப்ப குட்டி ஒண்ணு இருபத்திநாலு ரூபா."

சேலையைச் செருகிக்கொண்டு
தண்ணீரைப் பார்த்து நின்றவள்
ஒரு கல்லை எடுத்துக் கொக்கின் பக்கம் வீசினாள்.

"அது எத்தினி கழிச்சுதுன்னும் எழுது."