கால் நொடி

வுப்பர்டால் ஆவணக் காப்பகத்தின் நிலவறை
செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறக்கும்.
டீக்மான் சாவியைத் தரும்போது
பென்சில் மட்டும், பேனா கூடாது என்பார்
ஒவ்வொரு வாரமும், முதல் முறை சொல்வதுபோல.

ஹாகெடோர்ன் அனிமேஷன் ஸ்டூடியோ,
1951 முதல் 1968 வரை.
மிச்சம் பதினேழு பெட்டி.
மூடியை நெம்பியதும் காடி நெடி.
படச்சுருள் கெட்டுப்போனால் அப்படித்தான்,
ஊறுகாய்க் கடைக்குள் தலையை விட்ட மாதிரி.

நகராட்சிக்குப் பன்னிரண்டு பக்கக் கையேடு வேண்டும்.
நிறுவனர் படம், வாங்கிய பரிசுகள்,
ஊரே அறிந்த அந்த வாத்து,
இவ்வளவு போதுமாம்.
நிறுவனர் எல்லாப் புகைப்படத்திலும்
அதே சுங்கானைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

நான் சம்பளப் பேரேட்டில் மாட்டிக்கொண்டேன்.
பின்னணிக்கு ஒருவர். நடைக்கு இருவர்.
இறகுக்கு வண்ணம் பூச ஒன்பது பெண்கள்,
கையுறை அவரவர் செலவு.
கடைசி வரியில்
இர்ம்ட்ரௌட் ஷ்டெல்பிரிங்க்: வாய்.

வேறொன்றும் இல்லை, வாய்.
மார்ச்சில் 1,140 வாய்.
ஏப்ரலில் காய்ச்சல் போலிருக்கிறது, 612.
ஒரு வாய்க்கு இருபது பெனிக்.
அதில் அவள் தின்றது எத்தனை வாய் என்று
பேரேடு சொல்லாது.

அவள் மேசையில் ஒட்டியிருந்த அட்டை கிடைத்தது.
வாத்துக்கு மொத்தம் ஆறு வாய்:
ஆ, ஏ, ஓ,
நாக்கு தெரிவது,
பல் தெரிவது (வாத்துக்கு ஏது பல்,
கேட்டார்கள், வரைந்திருக்கிறாள்),
மூடியது.
ஒரு பாஷை முழுக்க இதற்குள் அடங்கவேண்டும்.
பகரமும் மகரமும் உதடு கூடப் பிறக்கும் என்று
எட்டாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தேன்.
இருபத்தைந்து வருஷம் கழித்து
ஓர் அலகுக்கு உதவுகிறது.

பதினான்காம் பெட்டியில் வெளிவராத ஒரு சுருள்.
ஒலி தொலைந்துவிட்டது.
வாத்து நேராக என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறது.
கைப்பிடியை முன்னும் பின்னும் சுற்றி
மூடி, ஓ, மூடி, நாக்கு என்று
நோட்டில் நிரப்பிக்கொண்டே போனேன்.
மூன்று வாரம் போயிற்று.
ஆற்றுக்கு மேலே தொங்கிப்போகும் ரயிலில்
எதிரே இருப்பவர்களின் வாயையே பார்த்திருக்கிறேன்.
ஒரு பையன் எழுந்து இடம் மாறினான்.

பிரிவு, போர், செத்துப்போன யாரோ
என்றெல்லாம் நினைத்துவைத்திருந்தேன்.
நான்காம் வாரம் வசனத் தாள் அகப்பட்டது:
பளபளக்கும் தரை, பத்தே நிமிடம்.
தரை மெழுகு விளம்பரம்.
நிலவறையில் தனியாகச் சிரித்தேன்.
மேலே டீக்மான் இருமினார்.

பிறகு எண்ணினேன், சும்மா, பழக்கதோஷம்.
தாளில் நிமிடத்தோடு வசனம் முடிகிறது.
படத்தில் முடியவில்லை.
இன்னும் மூன்று வாய் இருக்கிறது,
ஒன்றுக்கு இரண்டு பிரேம்:
மூடி, ஆ, மூடி.
கால் நொடி.
யாரும் எழுதித் தராதது.

பேரேட்டில் அந்த வாரம்
ஷ்டெல்பிரிங்க், பிடித்தம் அறுபது பெனிக்.
காரணம் என்ற கட்டம் காலி.
அடுத்த மாதம் அந்த வரியில் வேறு பெயர்.

பகரமா மகரமா?
அகராதியில் பதினொரு சொல் தேறுகிறது,
ஒன்றும் ஒட்டவில்லை.
ஆள் பெயராக இருக்கலாம்.
கணக்குத் தப்பியிருக்கலாம்.
வாத்து ஒரு வாய் தின்று முடித்திருக்கலாம்.

கையேட்டில் மூன்று படத்துக்கு இடம் கேட்டேன்,
பரிசுப் பட்டியல் நீளம் என்றார்கள்.
என் நோட்டில் இருக்கிறது, பென்சிலில்தான்:
ஆறு பிரேம், தெளிவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது
குரல் இல்லாமல் டீக்மானிடம் செய்துகாட்டினேன்,
மூடி, திறந்து, மூடி.
காதருகே கையைக் குவித்துக் குனிந்தார்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
பரவாயில்லை, என்றார்,
அடுத்த செவ்வாய் பார்ப்போம்.