பதினேழு ஹோல்டர்

கருங்கல் பத்திர ஆபீசில் விரலில் பட்ட மை
காய்வதற்குள் சாவி கைக்கு வந்தது.
நாலரை செண்ட். இரண்டு படுக்கையறை.
தெற்கு மூலையில் கிணறு,
பாதி எங்கள் பேரில், பாதி பக்கத்து வீட்டார் பேரில்.
வீடு முழுசும் வங்கியின் பேரில்.

விளக்கு வைக்கும் நேரம்.
கதவைத் திறந்து ஸ்விட்சைத் தட்டினேன்.
கரண்ட் இல்லபோல, என்றார் றெஜின்.
பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.
செல்போன் வெளிச்சத்தை மேலே பிடித்தால்
பல் போன வாய் மாதிரி ஒரு ஹோல்டர்.
அடுத்த அறையிலும் அப்படித்தான்.
அடுக்களை, கக்கூஸ், மாடிப்படி வளைவு,
எண்ணிக்கொண்டே போனேன், பதினேழு.

முப்பத்தெட்டு லட்சம் வாங்கின வில்பிரட்டு
பல்பைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்.
குழாயின் தலையை. காலிங் பெல்லை.
துணி காயப்போடும் நைலான் கயிற்றை.
ஆணி பிடுங்கின ஓட்டைகளை மட்டும்
எங்களுக்கென்று விட்டு வைத்திருந்தார்.
சவம், என்றேன்.
பத்து நாளைக்கு வாயில் அதே வார்த்தைதான்.

பதினோரு பவுன் மார்த்தாண்டத்தில்
யாருடைய இரும்புப் பெட்டியிலோ உறங்குகிறது. உறங்கட்டும்.
சிட்டியைத் தள்ளி எடுத்ததில்
நாற்பதாயிரம் போச்சு. போகட்டும்.
கடன் தீரும்போது எனக்கு ஐம்பத்தாறு.
அதையும் தாங்கிக்கொண்டேன்.
பெரிய தொகைகளுக்கு ஒரு மரியாதை உண்டு,
நாற்காலி போட்டு, சாயா கொடுத்து,
கையெழுத்து வாங்கித்தான் பறிக்கும்.
சின்னத் தொகைகள்தான்
நடுச்சந்தையில் மடியைப் பிடித்து இழுக்கின்றன.
குழாய் ஒன்று முந்நூற்று அறுபது.
மோட்டாருக்கு வயர். ஜன்னலுக்குக் கொசுவலை.
சிலிண்டர் டியூப் பழசாம், மாற்றணுமாம்.
மிதியடி ஒன்றுக்கு இத்தனை விலையா என்று
திங்கள்சந்தையில் நின்று அழுகை வந்தது எனக்கு,
ரத்தம் எடுக்கும் லேபில் பன்னிரண்டு வருஷம்
ஒரு ஊசிக்கும் கண் கலங்காதவளுக்கு.
பதினேழு பல்புக்கு விலை கேட்டுவிட்டு
ஒரு தாழ்ப்பாள் மட்டும் வாங்கி பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை, கடைசி லோடு.
திக்கணங்கோட்டு வாடகை வீட்டு மாடியில்
டெம்போக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க
றெஜின் ஸ்டூல்மேல் ஏறி நின்றார்.
கை மேலே போனது.
பல்பு ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது.
நாம வாங்கினதுதானே, என்றார், என்னைப் பாராமல்.
நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.
கக்கூஸ்ல உள்ளதும் நம்மளுதுதான், என்றேன்.
துணிக்கயிற்றை அவிழ்த்தது நான்.
முடிச்சு ஒன்பது வருஷத்து முடிச்சு,
நகம் பெயர்ந்தது, விடவில்லை.

வில்பிரட்டு ஏன் விற்றார் என்று
நாங்கள் கேட்கவே இல்லை.
கேட்டால் பேரம் பேச வாய் வராது.
நெய்யாற்றின்கரைப் பக்கம் எங்கேயோ
வாடகைக்கு என்று புரோக்கர் சொன்னதாக ஞாபகம்.
அங்கே முன்னால் இருந்தவர்கள்
எதையெல்லாம் கழற்றிப் போனார்களோ.

ஐந்து பல்பில் ஒன்று வழியில் உடைந்தது,
இன்னொன்று பழுது.
மூன்று பல்பு, பதினேழு ஹோல்டர்,
வெளியே ஐப்பசி மழை.
படுக்கையறைக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று.
மூன்றாவதை அடுக்களையில் மாட்டணும், நான்.
வாசலில் மாட்டணும், அவர்.
ஆளிருக்குன்னு நாலுபேருக்குத் தெரியாண்டாமா?
நாலுபேரா வந்து கஞ்சி காய்ச்சுவாங்க?
மூக்கு முட்டக் கோபம்,
இருந்தும் இரண்டு பேரும் கிசுகிசுத்தே சண்டை போட்டோம்,
கீழே ஹவுஸ் ஓனர் காது கொடுத்து
உட்கார்ந்திருப்பது போல.
பாதியில் றெஜின் நிறுத்தினார்.
பல்பு கையிலேயே இருந்தது.
எட்டி, என்றார்,
கொஞ்சம் சத்தமாட்டே பேசு.