முக்கால் டையாப்டர்

ஸ்லைகோ. ஞாயிற்றுக்கிழமை. விடுதியின் பின்கூடம்.
நேற்று இங்கே கல்யாண விருந்து போலிருக்கிறது,
என் நாற்காலிக் காலில் இன்னும் ஒரு வெள்ளை ரிப்பன்.
கண் பரிசோதகர்கள் முப்பத்தொரு பேர்,
ஆறிய காபி, ஆளுக்கொரு பேனா.
நாள் முழுக்க உட்கார்ந்தால் ஆறு புள்ளி.
எனக்கு நாலு குறைகிறது.
அதற்காகத்தான் வந்தேன், அறிவுக்காக அல்ல.

பேசியவள் கார்க்கிலிருந்து வந்த பெண்.
நான் கடைக்குப் பலகை மாட்டிய வருடம்
பிறந்திருப்பாள்.
பிள்ளைகளின் கிட்டப்பார்வை என்று ஆரம்பித்தாள்.
ஏறுவது பவர் என்கிறோம்,
உள்ளே நீள்வது கண்.
நீண்ட கண்ணின் பின்சுவரில் விழித்திரை இழுபடும்,
நாற்பது வருடம் கழித்துக் கிழிந்தாலும் கிழியும்.
இரவில் ஒரு சொட்டு, நீர்த்த அட்ரோபின்.
ஓரத்தில் வேறு பவர் வைத்த கண்ணாடி.
தூங்கும்போது போட்டுக்கொள்ளும் லென்ஸ்.
எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒரு படம். இரண்டு கோடுகள்.
"குறைத்துக் கொடுத்தால் கண் சோம்பேறியாகாது என்று
ஒரு காலத்தில் நம்பினோம்.
அளந்து பார்த்தால்
குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான்
கொஞ்சம் கூடுதலாக ஏறியிருந்தது."
அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

நான் போகவில்லை.

லோர்கன் கில்மார்ட்டின், ஒன்பது வயது.
வேண்டியது மைனஸ் இரண்டரை,
நான் எழுதியது ஒன்றே முக்கால்.
அவன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்:
"முக்கால் மிச்சம் பிடித்திருக்கிறேன்,
கண் அதுவாக எட்டிப் பிடிக்கட்டும்."
அந்தக் கிறிஸ்துமஸுக்கு
ஒரு ஜாடி ரூபார்ப் ஜாம் கொண்டுவந்தாள்.
வழித்துச் சாப்பிட்டேன்.

மதியம் சூப்.
"நானும்தான்" என்றான் பாலினாவில் கடை வைத்திருப்பவன்,
ரொட்டியைப் பிய்த்தபடி. "எல்லோரும்தான்."
எல்லோரும் என்பது நல்ல கூரை.
அதனடியில் போய் நிற்கப் பார்த்தேன்.

"தினம் இரண்டு மணி நேரம் வெளியே விடச் சொல்கிறீர்கள்,
இந்த ஊரில் வெளியே என்றால் மழை"
என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது.
அவள் பையிலிருந்து ஒளிமானியை எடுத்தாள்.
விளக்கெல்லாம் எரியும் கூடத்தில் முந்நூறு லக்ஸ்.
அவசரவழிக் கதவைத் தள்ளித்
தூறலுக்குள் கையை நீட்டினாள்.
ஆறாயிரம்.
கதவை யாரும் சாத்தவில்லை, குளிர் உள்ளே வந்தது.

நான் கூப்பிடுவதற்கு முன்
செவ்வாய்க்கிழமை அவனே வந்து நின்றான்.
முப்பத்து மூன்று வயது, மைனஸ் எட்டு,
கையில் மகள்.
"கரும்பலகை தெரியவில்லையாம்."

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.
ஒத்திகையில் நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரம் எழுத்துப் பலகையையே பார்த்தான்.
"ஹர்லிங்கில் எனக்குப் பந்து தெரியாது.
மட்டையில் படுகிற சத்தத்துக்கு ஓடுவேன்.
எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்தேன்."
பிறகு:
"இந்த எட்டில் உன்னுடையது எவ்வளவு?"

அவன் அப்பாவுக்கும் சோடாப்புட்டிக் கண்ணாடி.
அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.
"தெரியாது லோர்கன். பிரித்துக் காட்டக் கருவி இல்லை."

டெர்வ்லா தாடையை வைத்தாள்.
இமைக்காதே என்றதும் இமைத்தாள், சிரித்தாள், மறுபடி வைத்தாள்.
வலது இருபத்து நான்கு புள்ளி ஒன்று.
ஏழு வயதுக்கு அது நீளம்.
மைனஸ் ஒன்றரை. முழுசாக எழுதினேன்,
அடித்தாள் வரை பதிகிற மாதிரி.
சொட்டு மருந்தைப் பற்றிச் சொன்னேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றான்.
என் பேச்சைக் கேட்டு உடனே தலையாட்டிய வீட்டுப் பிள்ளை,
யோசிக்கட்டும்.

கார் எதிரிலேயே நின்றது.
தாண்டி, மழையில், கடற்கரைப் பக்கம் நடந்தார்கள்.
அவள் தொப்பியை அவன் இழுத்துவிட,
அவள் தள்ளிவிட,
முனை திரும்பும்வரை அதுதான் நடந்தது.

சான்றிதழ் தபாலில் வந்தது. ஆறு புள்ளி.
எனக்கு வேண்டியது நாலு.
மிச்சம் இரண்டும்
அடுத்த வருடக் கணக்கில் ஏறாதாம்.