வெற்று எடை

செம்பனை ஆலையின் எடைமேடைக்கு
இருபது கிலோவுக்குக் கீழே எதன்மேலும் நம்பிக்கையில்லை.
வெள்ளிக்கிழமை வேலை முடிந்து
முதுகுப் பையை அதன் நடுவில் வைத்துப் பார்த்தேன்.
சுழியம்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குணவதி சிரித்தாள்:
"ஒண்ணுமே எடுத்துட்டுப் போகலியா லா நீ?"

எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.
மாவு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றி
ஒவ்வொன்றோடும் தகராறு செய்து.
பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தேன், ஒன்பது கிராம்.
மைலோவை டின்னிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றினேன்.
இன்னொரு ஜோடி காலுறையா, டார்ச்சுக்கு இன்னொரு பேட்டரியா என்று
பாதி ராத்திரிவரை யோசித்து
காலுறையைக் கைவிட்டேன்.
அது தப்பு.

கூடாரத்துக்குப் பதில் இந்தப் பிவிப் பை.
ஐந்நூற்று நாற்பது கிராம், சாம்பல் பச்சை.
கம்பு இல்லை, கதவு இல்லை, எழுந்து உட்கார இடமில்லை.
நுழைந்து படுத்தால் ஓர் ஆள்,
வெளியே வந்தால் ஒரு கைப்பிடித் துணி.
வீட்டுக் கூடத்தில் விரித்துச் சோதித்தபோது
பவித்திரன் வாசலிலேயே நின்றுவிட்டான்:
"அக்கா, ஆஸ்பத்திரி வேனுல இப்படித்தான் ஒண்ணு பாத்தேன்."
அம்மா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.
பிறகு அவளே குனிந்து
ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்,
உள்ளிருந்து திறக்கிறதா என்று.

சனிக்கிழமை.
பீடோர் பஸ் நிலையத்தில் ஒரு பொட்டலம் நாசி லெமாக்.
மோட்டாரைத் தோட்டத்தின் கடைசி பிளாக்கில் பூட்டி
செம்பனை வரிசை முடியும் வாய்க்காலைத் தாண்டினால்
யாரும் எண் போடாத மரங்கள்.
வரிசைகளுக்குள் வளர்ந்தவளுக்கு
முதல் அரைமணி நேரம்
காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

படுக்க இடம் தேடினேன்.
ஆற்றோரம் ஆகாது, மேலே பெய்தது ராத்திரி கீழே வரும்.
பட்ட மரத்தடி ஆகாது.
எறும்புப் பாதை ஆகாது.
மிருகம் நடக்கும் பாதையும் ஆகாதுதான்,
அதை நான் சரியாகப் பார்க்கவில்லை.
கணுக்காலில் புகையிலைத் தண்ணீர் தடவி
அட்டைகளுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு
பைக்குள் இறங்கினேன்.

மழை வந்தது.
கூடாரத்தில் மழை கூரைமேல் பெய்யும்.
இதில் கன்னத்தின் மேல் பெய்கிறது, கன்னம் நனையாமல்.
ஜிப்பை முழுக்க இழுத்தால்
என் மூச்சே என்மேல் சொட்டுகிறது.
திறந்தால் வானம் முழுக்க உள்ளே.
கடைசியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சமரசம்:
மூக்கு மட்டும், வலைக்குப் பின்னால்.

இரண்டேகால் மணி இருக்கும்.
மழை விட்டு இலைகள் மட்டும் பெய்துகொண்டிருந்தன.
ஈரத்தில் ஒரு கால் வைத்து, யோசித்து,
இன்னொரு கால் வைக்கும் சத்தம்.
டார்ச் என் தொடைக்கடியில், புது பேட்டரியோடு.
கையை நகர்த்த இடமில்லை.
நாலு விரல் அகலத்தில் தெரிந்தது
இடுப்பில் வெள்ளை வேட்டி சுற்றிய ஓர் இருட்டு.

தெனுக்.

வளைகிற மூக்கு என் முகத்துக்கு ஒரு சாண் மேலே வந்து
நான் என்ன என்று விசாரித்தது.
விழுந்த கட்டையா, ஊறிய பழமா,
அந்த நேரத்தில் எனக்கும் உறுதியாகத் தெரியாது.
உடம்பெல்லாம் நடுங்கியும் தொழில் புத்தி போகவில்லை:
மொத்த எடை முந்நூறு கிலோ.
நனைந்த சரக்கு. ஒரு விழுக்காடு கழிக்கலாம்.
அது தும்மியது.
வலை, ஜிப், நான், எல்லாவற்றின் மேலும்.
பிறகு தன் வழியில் குறுக்கே கிடந்த என்னைச்
சுற்றிக்கொண்டு போனது,
எடைமேடையில் யாரோ நிறுத்திவிட்டுப் போன லாரியைச்
சுற்றிப் போவது மாதிரி, அலுப்போடு.

ஞாயிறு மதியம், மாவுத் தராசு.
பை அறுநூற்று எண்பது காட்டியது.
உதறினேன், வெளிப்பக்கம் துடைத்தேன்,
ஒட்டிய இலையை எல்லாம் உரித்தேன்.
அறுநூற்று எழுபது.
மிச்சம் நூற்று முப்பதும் உள்பக்கத்து ஈரம்:
ஒரு ராத்திரி நான் விட்ட மூச்சு,
அதில் ஒன்றிரண்டு கிராம் தெனுக்கினுடையது.

கொடியில் ஆலைச் சீருடைக்குப் பக்கத்தில் போட்டேன்.
நாலு மணிக்கு எடுத்து வைத்தால்
மறுபடி ஐந்நூற்று நாற்பது.
குணவதிக்குச் செய்தி அனுப்பினேன்:
வெற்று எடை சரி.
அடுத்த முறை காலுறை.