மேலே உள்ளது

லிந்துலைப் பொலிஸில் நான் சொன்னது:
கொழுந்து நிறுக்கையில்
தராசை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னதற்கு
ஐயா என்னைத் தள்ளினார்.
முழங்கை பிசகிவிட்டது.

சார்ஜன் எழுதியது சிங்களத்தில்.
நல்ல மனுஷன்தான், பிளேன்டீ தந்தார்.
தமிழ் எழுதுகிற பொடியன் லீவாம்.
போன மாசமும் லீவு.

அரசியலமைப்பில் நாலாம் அத்தியாயம் இருக்கிறதே சார் என்றேன்,
சங்கக் கூட்டத்தில் கேட்ட தைரியத்தில்.
"இருக்குதானே" என்றார்,
"கொழும்பில."

அந்த வட்ட வட்ட எழுத்துக்குள்
நான் தள்ளப்பட்டேனா
தானாக வழுக்கி விழுந்தேனா,
தெரியவில்லை.

கையொப்பக் கோட்டுக்கு மேல்
வலிக்கிற கையால்,
இடம் போதாமல் ஓரத்தில் மடங்கி ஏற,
எழுதினேன்:
மேலே உள்ளதை எனக்கு வாசிக்கத் தெரியாது.
பெரியண்ணன் புவனமலர்.

ஏழு மாசம் கழித்து
நுவரெலியா நீதிமன்றத்தில்
நீதவான் தாளைத் தூக்கிப் பிடித்தார்.
இந்த ஒரு வரி என்ன?

மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு வரவில்லை.
ஐயாவின் வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார்.
அதை வாசிக்க ஆள் வேண்டுமென்று
தவணை போட்டார்கள், ஆடி கடந்து.

பின்வாங்கில்
நான் இருந்தேன்.
கேட்டிருக்கலாம்.