பதினோரு மனுக்கள்

கடல்மட்டத்துக்கு மூவாயிரத்து எழுநூறு மீட்டர் மேலே
சிலியின் கடைசி ஊர் எங்களுடையது.
அதற்கப்பால் உப்புவெளி,
அதற்கப்பால் பொலிவியா.
இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
உருளைக்கிழங்குதான் வேகாது.
எங்கள் மனுக்களும் அப்படியே.

அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள்.
பதினோரு முறை அழுதோம்.
எழுதியது நான், நிகாசியா சால்யாப்பா,
ஊர்க்கூட்டத்தின் செயலாளர்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதைத் தவிர
வேறு தகுதி கிடையாது.
முதல் மனுவை 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கினேன்.
ஏழாவதில் அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது.

முன்னூறு பேருக்கு வெட்டிய கிணறு இது.
சில இரவுகளில் நானூறு பேர் கடந்து போகிறார்கள்.
எலூத்தேரியோ தன் வேலிக்கம்பங்களைத் தேடிப் போனான்,
சாம்பலாகக் கண்டான்,
அருகில் ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது.
என் கிடங்குக் கதவையும் ஓர் இரவு திறந்துவிட்டார்கள்.
மாவு மூட்டைகளுக்கிடையே ஏழு பேர்
ஒருவர்மேல் ஒருவராய்த் தூங்கினார்கள்.
ஒரு பிடி மாவுகூடக் குறையவில்லை.
ஆனாலும் உடைந்தது என் பூட்டு.
அன்றிலிருந்து கோடாலியைப் பக்கத்தில் வைத்துத்தான் படுக்கிறேன்.
இதையும் எழுதினேன், ஒன்பதாம் மனுவில்.

சாந்தியாகோவிலிருந்து ஒருத்தி தொலைக்காட்சியில்
எங்களுக்கு இரக்கமில்லை என்றாள்.
இன்னொருவன் எங்களை எல்லை வீரர்கள் என்று புகழ்ந்தான்.
அவனும் வந்து பார்த்ததில்லை.

கடைசியில் அதிகாரி வந்தார், ஹெலிகாப்டரில்.
நாற்பது நிமிடம் இருந்தார்.
அதில் பத்து நிமிடம் மூச்சு வாங்கினார்.
காற்றில் பறந்த அவர் தொப்பியை
எங்கள் நாய் ஒன்று கவ்விக்கொண்டு பொலிவியாவுக்குள் ஓடியது.
யாரும் தடுக்கவில்லை.
பள்ளம் வெட்டுவோம் என்றார்.
கை தட்டினோம்.
நான் வலிக்க வலிக்கத் தட்டினேன்.

மஞ்சள் இயந்திரம் ஒரு வாரம் வெட்டியது,
மூன்று மீட்டர் ஆழம்.
பணம் தீர்ந்ததும் நின்றது.
பள்ளம் முடிகிற இடத்தில்
தரை ஒன்றும் அறியாததுபோல் தொடர்கிறது.

அதில் முதலில் விழுந்தது என் லாமா.

சினை லாமா.
பொழுது சாய்ந்துவிட்டது, தண்ணீர் உறையும் குளிர்.
கயிற்றை எறிந்து சுருக்கிட்டேன்,
தனியாளாய் இழுக்க முடியவில்லை.
எதிர்க்கரையில் ஒருவன் நின்றான்,
காலுறைமேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தான்.
நான் கேட்கவில்லை.
குதித்தான்.
அவன் கீழிருந்து தோள் கொடுக்க, நான் மேலிருந்து இழுக்க,
ஒரே கெட்ட வார்த்தையை
இரண்டு நாட்டு உச்சரிப்பில் சொல்லிக்கொண்டோம்.
லாமா ஏறிவிட்டது.

இப்போது அவன் கீழே, கயிறு என் கையில்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.
லாமா என்மேல் துப்பியது.

கயிற்றை எறிந்தேன்.
அவன் ஏறி வந்ததும்
காவல் சாவடிக்குப் போன் செய்தேன், அவன் காதுபடவே.

டீசல் இல்லையாம், ஜீப் வர இரண்டரை மணி நேரம்.
ஓடியிருக்கலாம். ஓடவில்லை.
மாவு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான்.
பெயர் யோர்பிஸ், மராக்காய்போவில்
குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்தவன்.
குளிரைச் செய்யத்தான் தெரியும், தாங்கத் தெரியாது என்றான்.
சூப் கொடுத்தேன். வேகாத கிழங்கையும் தின்றான்.
கதவில் தொங்கிய புதுப்பூட்டை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
தம்பி போன மாதம் இந்த வழியாகத்தான் போனானாம்.
நான் வாய் திறக்கவில்லை.

வந்த காவலர் அவன் பெயரைத் தப்பாக எழுதினார்.
திருத்திக் கொடுத்தேன்,
நல்ல கையெழுத்தில்.

இன்று பன்னிரண்டாம் மனு.
பள்ளத்தை நீட்டச் சொல்லிப் பாதிப்பேர்,
மாடு கன்று விழுகிறது, மூடுங்கள் என்று மீதிப்பேர்.
நீட்டத்தான் கை தூக்கினேன்,
இன்று கேட்டாலும் தூக்குவேன்.

அந்தக் கயிறு இன்னும் பள்ளத்துக்குள் தொங்குகிறது,
முளையில் கட்டியபடியே.
போய் அவிழ்த்து வர வேண்டும்.
காற்று கொஞ்சம் அடங்கட்டும்.